பாதிக் கிழங்கு டீச்சருக்கு

“நீங்க அப்படியே கீழ உக்காந்துக்கோங்கம்மா. தரை சுத்தமாத்தான் இருக்கும்” என்கிறார் லிஃப்ட்காரர், வேனை இடப்பக்கம் திருப்பிக்கொண்டே. காதில் மாட்டிய போனின் மறுமுனையில், பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு பெண்மணி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். கயிறு அறுந்துவிடுமா என்று கேட்கிறார். “அதெல்லாம் சினிமாவுலம்மா. பத்து நிமிஷத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் எங்க வீட்டுப் பூ எந்த மாடிக்கு ஏறியிருக்குன்னு சொல்லவா?”

மாட்டிக்கொண்டவர்கள் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை. பயந்துபோனவரிடம் பயப்படாதே என்று சொன்னால் பயம் இரட்டிப்பாகும் என்பது லிஃப்ட் ரிப்பேரில் அவருடைய முப்பது வருஷ அனுபவம். ஆகவே பூவைப் பற்றிப் பேசுவார். அல்லியம் என்று பெயர். வெங்காயச் சாதிதான், ஆனால் அழகுக்கு வளர்ப்பது, அடுப்படிக்குப் போவதில்லை. தண்டு கணுக்கால் உயரம் வந்தால் தரைத்தளம், முழங்கால் என்றால் முதல் மாடி, இடுப்பு இரண்டாம் மாடி, நெஞ்சு மூன்றாம் மாடி. நெஞ்சுயரம் வந்த தண்டின் உச்சியில் காகிதம் போல ஓர் உறை கிழியும். உள்ளேயிருந்து ஊதா நிறத்தில் நூற்றுக்கணக்கான குட்டி நட்சத்திரங்கள் எட்டிப் பார்க்கும். எட்டுப் பத்து நாளில் எல்லாம் சேர்ந்து ஒரு பந்தாகிவிடும். பேச்சில் அந்தப் பந்து முழுசாவதற்குள் இவர் வந்து சேர்ந்து கதவைத் திறந்துவிடுவார். வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் நன்றி சொல்வார்கள். மீதிப் பேர், “அப்புறம் அது விரிஞ்சுதா?” என்று கேட்பார்கள்.

ஐம்பத்தேழு வயது. ஒடிசலான உடம்பு, மசகெண்ணெய் போகாத நகங்கள், அபாரமான காது. லிஃப்ட் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், எந்த மாடியில் அது ஓடும் தண்டவாளம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் முனகினால் மட்டும் அந்தக் காதில் விழாது. இதை நான் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு நர்ஸம்மா சொல்கிறார். பணி ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் ஆஸ்பத்திரி அதட்டல் போகாதவர். இவரைத் தம்பி என்பார், இவர் அவரை அக்கா என்பார். நடுவில் இடுப்பளவு சுவர்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், வீட்டின் பின்னால், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி மண். அல்லியத்தைத் தவிர வேறு ஒரு செடி கிடையாது. குளிர் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு கிழங்கையும் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் புதைப்பார். அடியில் ஒரு கைப்பிடி சரளை மணல் போடுவார், ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்று. பூ விரிகிற நேரத்தில்தான் கீழே இலைகள் பழுத்து, துவண்டு, பார்க்கச் சகிக்காமல் கிடக்கும். பூ பிரமாதம், இந்த இலையை மட்டும் வெட்டிவிடக் கூடாதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவர் கத்தரியைத் தொடமாட்டார். அடுத்த வருஷப் பூவுக்கு வேண்டியதையெல்லாம் கிழங்குக்குள் சேர்த்துவைப்பது அந்த இலைதான். அது தானாகக் காய்ந்து விழும்வரை மனிதன் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும், திங்கலாமா என்று. “கண்ணால தின்னுங்க” என்று சொல்லிவிடுவார்.

இவ்வளவு பாடும் பூவுக்காகத்தான் என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பூ இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அவர் வருஷம் முழுக்கக் காத்திருப்பது அதற்குப் பிறகு வரும் ஒரு சனிக்கிழமைக்காக.

முதல் ஐந்து கிழங்குகளை வாங்கிவந்தவர் டீச்சர். டீச்சர் என்றால் இவருடைய மனைவி. ஒன்பது வருஷத்துக்கு முன்புவரை மனைவி என்று சொன்னால் சரியாக இருக்கும். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், ஊரே டீச்சர் என்று கூப்பிடும். பிரிந்த பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பதினாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில் அடிதடி, குடி, வேறு பெண் என்று ஊர் வாய்க்கு அவல் கொடுக்கிற மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. நடந்ததெல்லாம் போன். சாப்பாட்டுக்கு நடுவில் அடிக்கும், பேச்சுக்கு நடுவில் அடிக்கும், டீச்சருக்குக் காய்ச்சல் நூற்றி மூன்றில் நிற்கும்போது அடிக்கும். இவர் போட்டது போட்டபடி எழுந்து ஓடுவார். கடைசியில் டீச்சர் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கணக்கில் விடை எழுதுவது போல ஒரே வரியில் சொன்னார். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்காவது கூப்பிட ஒரு நம்பர் இருக்கு. எனக்கு அதுவும் இல்ல.”

சாமான்களை ஒரே நாளில் பிரித்துக்கொண்டார்கள். தையல் மெஷின் அவருக்கு, வானொலி இவருக்கு. ஒரு பொருளுக்கும் போட்டியில்லை. நீங்க வச்சிக்கோங்க, நீங்க வச்சிக்கோங்க என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னதில்தான் நேரம் போனது. தோட்டத்துக்கு வந்தபோது அல்லியம் முழுப் பூவில் நின்றது. அந்த நேரத்தில் தோண்டினால் செத்துப்போகும். இலையெல்லாம் காய்ந்த பிறகு வந்து பாதிக் கிழங்கை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பினார். சொன்னபடி வந்தார். இருபத்திரண்டு கிழங்கில் பதினொன்று எடுத்துக்கொண்டு போனார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் லிஃப்ட்காரர் போன் செய்தார். மென்று விழுங்கி மென்று விழுங்கி விஷயத்துக்கு வந்தார். கிழங்கெல்லாம் பக்கத்தில் குட்டி வைத்திருக்கிறது. அந்தக் குட்டியிலும் நியாயமாகப் பார்த்தால் டீச்சருக்குப் பாதி உண்டு. மறுமுனையிலிருந்து, சரி, சனிக்கிழமை வரேன் என்று பதில் வந்தது.

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை ஒரு வழக்கமாயிற்று. முதல் தடவையையும் சேர்த்து ஒன்பது முறை நடந்தது. காலை பத்து மணிக்கு டீச்சர் துணிப்பையோடு பின்பக்கக் கதவைத் தட்டுவார், வீட்டுக்குள் வரமாட்டார். லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்பார். மண்ணைத் தோண்டுகிற வேலைக்கு இஸ்திரிச் சட்டை எதற்கு என்று நர்ஸம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொண்டையைச் செருமுவார். இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு எதிரெதிரே உட்காருவார்கள். இவர் தோட்ட வேலை முள்கரண்டியால் கிழங்குக் கொத்தை நெம்பி எடுத்துத் தருவார். டீச்சர் மண்ணை உதறி, காய்ந்த தோலை உரித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிரிப்பார். ‘டக்’ என்று ஒரு சின்ன சத்தம் கேட்கும். இது உங்களுக்கு, இது எனக்கு. டீ வேண்டுமா, வேண்டாம், பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது, போகிறது. வெளியிலிருந்து கேட்டால் உப்புச்சப்பில்லாத பேச்சு. அந்த இரண்டரை மணி நேரத்தை அவர் அடுத்த வருஷம்வரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்.

ஐந்தாவது முறை பாதி வேலையில் போன் அடித்தது. மருத்துவமனை லிஃப்ட், உள்ளே தள்ளுவண்டியோடு ஒரு நோயாளி. இவர் எழுந்து ஓடினார், ஓடத்தான் வேண்டும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வட்டாரத்துக்கு இன்னும் இரண்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள் என்பதையும், அந்தச் சனிக்கிழமை அழைப்புகளை அவர்களில் ஒருவருக்கு மாற்றிவிட்டிருக்கலாம் என்பதையும் நர்ஸம்மா பிறகு சொல்லிக்காட்டினார். திரும்பி வந்தபோது இரண்டு குவியல்களில் ஒன்றுதான் இருந்தது. வாளியை டீச்சர் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இங்கே ஒரு ரகசியத்தை உடைத்தாக வேண்டும். அல்லியம் அப்படியொன்றும் தாராளமாகக் குட்டி வைக்கிற சாதி இல்லை. பாதியைக் கொடுத்துக்கொண்டே வந்தால் நாலைந்து வருஷத்தில் பிரிக்கவே ஒன்றும் இருக்காது, இரண்டரை மணி நேரம் கால் மணியாகிவிடும். ஆகவே லிஃப்ட்காரர் ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன், ஊரின் மறுகோடியில் இருக்கும் நர்சரிக்குப் போய்க் கிழங்கு வாங்கிவந்து, காதும் காதும் வைத்தாற்போல் பழைய கிழங்குகளின் பக்கத்தில் இரண்டு இரண்டாக ஒட்டிவைத்துப் புதைத்துவந்தார். நர்சரிக்காரன் இவரைப் பூங்காக்களுக்குத் தோட்டம் போடும் ஒப்பந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கோடையில் தோண்டும்போது, “இந்தத் தடவையும் நல்லாக் குட்டி போட்டிருக்கு” என்று ஆச்சரியப்படுவார். நடிப்பு சுமார்தான்.

இந்த வருஷம் பூ முடிந்து இலை பழுக்க ஆரம்பித்தபோது டீச்சர் தாமாகவே போன் செய்தார். தலைமையாசிரியையாகப் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போகிறார். மூன்று மணி நேரப் பயணம். அங்கே எடுத்திருப்பது நாலாவது மாடி வீடு, தோட்டம் கிடையாது, மண்ணே கிடையாது. அதனால் இந்தச் சனிக்கிழமை வரவில்லை, இனிமேலும் பங்கு வேண்டாம், எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் பங்கு எப்படியும் நாற்பது ஐம்பது தேறுமே என்று நூல் விட்டுப் பார்த்தார்.

டீச்சர் சிரித்தார். “பதினொன்னுல ஆரம்பிச்சது போன வருஷம் தொண்ணூத்தாறு. நடுவுல வருஷா வருஷம் பாதியை நான் வேற எடுத்துட்டுப் போறேன். இப்படிக் குட்டி போட்டா அது கிழங்கு இல்லங்க, எலி.”

இவர் ஏதோ சப்பைக்கட்டு கட்டினார். உரம், சரளை மணல் என்றார்.

“மூணாவது வருஷம் நீங்க கொடுத்ததுல ஒன்னு எங்க ஸ்கூல் தோட்டத்துல வெள்ளையாப் பூத்துச்சு. ஊதாக் கிழங்கு வெள்ளைக் குட்டி போடாது. அன்னைக்கே தெரியும்.”

மூன்றாவது வருஷத்திலேயே தெரியும். தெரிந்தும் அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை, பஸ் பிடித்து, துணிப்பையோடு வந்து, கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய கிழங்கை நேற்றுப் பிறந்த குட்டியைப் போலப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்க வேண்டிய இடம் இது. கொஞ்சம் விவரமுள்ள எவரும் கேட்டிருப்பார். நம்மவர், “சரி டீச்சர், வச்சிடுறேன்” என்று போனை வைத்துவிட்டார். பயந்தவர்களிடம் மணிக்கணக்காகப் பேசத் தெரிந்த மனிதர், தாமே பயந்துபோய்விட்டால் அவரிடம் பேச ஆள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் தனியாகத் தோண்டினார். நூற்றிரண்டு கிழங்குகள். பழக்க தோஷம், இரண்டு குவியலாகவே பிரித்தார். மதியம் ஒரு மணிவரை எதிரில் இருந்த வாளியை எடுக்கவில்லை. டீச்சரின் பங்கை வலைப்பையில் போட்டு நிழலில், கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டார். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டார். ஈரம் பார்க்கிற சாக்கு. அவருக்கு டீச்சரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தரம் போதும் என்று பழகிவைத்திருந்த மனசு, அந்த ஒரு தரமும் இல்லை என்று ஆனதும் தினமும் வேண்டும் என்று அடம்பிடித்தது.

குளிர் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது டீச்சரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்திருந்தது. புது வீட்டு விலாசம். கடிதம் ஏதாவது வந்தால் அனுப்புவதற்கு என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கு.

லிஃப்ட்காரர் அதை நாலு முறை படித்தார். நன்றாக யோசித்தார். பிறகு பதில் அனுப்பினார்: எந்தக் கம்பெனி லிஃப்ட்?

இரண்டு நாளாக அதற்குப் பதில் வரவில்லை என்று அவர் சுவரோரமாக நின்று கவலைப்பட்டபோது, நர்ஸம்மா போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒன்பது வருஷமா இந்த வீட்டுக்கு அவ பேர்ல கடிதம் ஒன்னு வந்திருக்கா?”

இல்லை என்றார் இவர்.

“வேணாம்னு நினைக்கிறவ விலாசம் எதுக்கு அனுப்புறா? முட்டி வலிக்காம ஏறி வரலாம்னு வேற சொல்லியிருக்கா. நீ கம்பெனி கேக்குற.”

அன்று அவர் நேரே கொட்டகைக்குப் போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்தார். மேலாளர் இரண்டு முறை வாசித்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம். அவசர அழைப்புப் போனை இன்னொரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார். மாட்டிக்கொண்டவர்களிடம் என்ன பேசுவது என்று அந்த ஆள் கேட்டதற்கு, உனக்குப் பிடிச்சது எதையாவது பேசு என்றார். வேனில் இருந்த கருவிப்பெட்டியை இறக்கி வீட்டில் வைத்தார். அந்த இடத்தில் ஆறு ஆழமான தொட்டிகள், நாலு மூட்டை மண், ஒரு மூட்டை சரளை மணல். வலைப்பையை மட்டும் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டார். நர்ஸம்மா சுவரோரம் வந்து நின்றார், அன்றைக்குத் தொண்டையைச் செருமவில்லை.

மூன்று மணி நேரமும் அவர் வாய்க்குள் ஏதேதோ ஒத்திகை பார்த்தபடி வந்திருக்கிறார். கட்டடத்துக்குள் நுழைந்து, லிஃப்டில் ஏறி, நாலாம் எண்ணை அழுத்தும்வரை எல்லா வாக்கியமும் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்து, வீட்டு மணியை அழுத்தியபோது ஒன்றுகூட இல்லை.

டீச்சர் கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார், கையில் சிவப்புப் பேனா. போன வருஷக் கோடையில் பார்த்ததைவிட முன்நெற்றியில் நரை கூடியிருந்தது. அதை லிஃப்ட்காரர் பார்த்தார். டீச்சர் முதலில் இவரைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த வலைப்பையைப் பார்த்தார்.

“இங்க மண்ணு இல்லன்னு சொன்னேனே.”

“கொண்டாந்திருக்கேன். கீழ வேன்ல இருக்கு.”

டீச்சர் பேனாவை மூடினார். உள்ளே கூப்பிடுகிற மாதிரியும் தெரியவில்லை, கதவைச் சாத்துகிற மாதிரியும் தெரியவில்லை. வேலை நாளில் எப்படி வர முடிந்தது என்று கேட்டார். லீவு என்றார் இவர். போன் எங்கே என்று கேட்டார். கொடுத்துட்டு வந்துட்டேன் என்றார். டீச்சர் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், காதைப் பார்த்தார். எங்கும் போன் இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எப்பக் கிளம்பணும்?”

லிஃப்ட்காரர் போட்டிருப்பது உருக்கு முனை வைத்த வேலை ஷூ. கணுக்காலுக்கு மேல்வரை ஏறும், பக்கத்துக்கு ஒன்பது கொக்கி, நீளமான லேஸ். கழற்றினால் மறுபடி மாட்டக் கால் மணி நேரமாகும் என்று, எந்த வீட்டு வாசலிலும் அவர் அதைக் கழற்றுவதில்லை. மேலே துணி உறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவார். அவர் வலைப்பையைச் சுவரோரமாக வைத்தார். ஐந்தாம் மாடிக்கு ஏறும் முதல் படியில் உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கி வலது முழங்கால்மேல் வைத்து, மேல் கொக்கியிலிருந்து லேஸை ஒவ்வொன்றாக விடுவிக்கத் தொடங்கினார்.